சொந்த வலைப்பக்கத்துக்குப் படம் தேடுவதும் தயார் செய்வதும்

கூகுளில் கண்ணில் பட்ட படத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், தேடலில் வருவதாலேயே அது எல்லாருக்கும் சொந்தமாகிவிடாது. இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸுக்குப் போங்கள். தஞ்சைப் பெரிய கோயில் என்று தேடினாலே நல்ல படங்கள் நிறைய வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமம் என்னவென்று எழுதியிருக்கும். சிசி பை (CC BY, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) என்றிருந்தால் எடுத்தவர் பெயர், உரிமம், இணைப்பு மூன்றையும் படத்துக்குக் கீழேயே போடுங்கள், வெட்டியிருந்தாலோ நிறம் மாற்றியிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். சிசி0 (CC0, எடுத்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது) என்றால் இதெல்லாம் கட்டாயமில்லை, ஆனாலும் பெயர் போடுவதுதான் மரியாதை.

அப்புறம் அளவு. போனில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் திறப்பவர் காத்திருக்காமல் போய்விடுவார். கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, வேண்டாத ஓரங்களை வெட்டி, அகலத்தை 1200 பிக்சலாக்கி, ஜேபிஜி தரத்தை 80 வைத்து ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு பிஎன்ஜி.

வீட்டில் எடுத்த படமா? உள்ளே ஜிபிஎஸ் இடக்குறிப்பு இருக்கலாம், கிம்ப்பில் ஏற்றுமதியின்போது எக்ஸிஃப் (Exif, படத்துக்குள் பதிந்திருக்கும் தகவல்கள்) என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

வலைப்பக்கத்தில் படத்தை ஏற்றும்போது, அதை விவரிக்கும் ஆல்ட் (alt) பகுதியில் ‘படம் 1’ என்று எழுதாமல் ‘மாலை வெயிலில் பெரிய கோயில் விமானம்’ என்று எழுதுங்கள், பார்வையற்றவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்வது அதைத்தான்.