வில்லனுக்கு வக்காலத்து வாங்கும் முறை

புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தன்று, மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்தியிருக்கும் துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் வேடக்காரர் அடிக்கும்போது ஆரவாரம் செய்கிற அதே கூட்டம், சற்று நேரத்தில் அவன் மனைவியின் ஒப்பாரியைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். ஆகவே, அனிமேஷன் தொடரின் வில்லன் ஒருவனுக்காக உருகும் இளைஞர்களைக் கண்டு, கெட்டவனிடம் என்ன இவ்வளவு பரிவு என்று பெரியவர்கள் வியப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. பரிவு தப்பில்லை. அதைக் கண்ணைத் திறந்துகொண்டு வைப்பதற்கும், அதிலிருந்து உருப்படியான ஒரு ஃபேன் தியரியை, அதாவது கதையில் சொல்லாததைப் பற்றி ரசிகர் செய்யும் ஊகத்தை, கட்டுவதற்கும் சிறிது பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை ‘ஆர்கேன்’ என்ற அனிமேஷன் தொடரின் வில்லன் சில்கோவை வைத்து இங்கே எழுதுகிறேன். முடிவு வரை சொல்லப்போவதால், தொடரைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அந்தத் தொடரின் முதல் பருவத்தில் ஒன்பது அத்தியாயங்கள் உள்ளன. ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டு உலகத்தைக் களமாகக் கொண்டு, பாரிஸில் உள்ள ஃபோர்டிச் ஸ்டுடியோ அதை உருவாக்கியது. ஆற்றுக்கு ஒரு பக்கம் செல்வம் கொழிக்கும் பில்டோவர், மறுபக்கம் புகையிலும் நச்சிலும் மூழ்கிய ஸான். ஸானுக்கு விடுதலை வேண்டும் என்பது சில்கோவின் இலட்சியம். அதற்கான பணமும் பலமும் ஷிம்மர் என்ற போதைப்பொருளிலிருந்து வருகின்றன. அவன் மகளாக வளர்க்கும் ஜிங்க்ஸும் அவளுடைய அக்கா வையும் விளையாட்டில் முன்பே இருந்தவர்கள். சில்கோவோ தொடருக்காகவே படைக்கப்பட்டவன். ஆகவே அவனைப் பற்றி என்ன சொல்வதானாலும் திரையில் உள்ளதை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது தியரி கட்டுபவருக்குக் கட்டுப்பாடும் வசதியும் ஆகும்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவன் செய்தது ஒரு பத்தியில், செய்ததற்கு அவனே சொன்ன காரணம் அடுத்ததில் வரட்டும். எதிராளிகளோ ஊரோ பார்க்காதபோது அவன் எப்படி இருந்தான் என்பதை மூன்றாவதில் எழுத வேண்டும். முதல் பத்தி சீக்கிரம் நிரம்பிவிடும்: பழைய தோழன் வாண்டரைக் கடத்தியது, காவல் அதிகாரியை விலைக்கு வாங்கியது, சொந்த மக்களையே ஷிம்மருக்கு அடிமையாக்கியது. இந்தப் பத்தியை எழுதாமல் நேராக மூன்றாவதற்குத் தாவுகிறவர்கள்தான் பிற்பாடு அவனைத் தியாகியாக்கிச் சுவரொட்டி அடிக்கிறார்கள்.

உண்மையான சரக்கு மூன்றாவது பத்தியில் இருக்கிறது. வாண்டர் அவனை ஆற்றில் அமுக்கிக் கொல்ல முயன்ற நாளில் கெட்டுப்போன கண்ணுக்கு அவன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஊசியை ஜிங்க்ஸ் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணைக் காட்டும் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஊரே அஞ்சும் மனிதன், மனநிலை நிலையில்லாத ஒரு பெண்ணின் கையிலுள்ள ஊசி முனைக்குக் கீழே அசையாமல் இருக்கிறான். நம்புகிறேன் என்று அவன் வாயால் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே நோட்டில், தான் மூழ்கடிக்கப்பட்ட அதே ஆற்றுக்கு அவளை அழைத்துப்போய் நீரில் அமிழ்த்தி, அவளது சிறுவயதுப் பெயரைச் சொல்லி, பவுடர் என்ற பழைய சிறுமி சாகட்டும் என்று சொல்லும் காட்சியையும் எழுத வேண்டும். தன் காயத்தை மருந்து என்று நினைத்து மகளுக்குப் புகட்டுகிறான் என்பது என் வாசிப்பு. அவனைக் கொண்டாடுபவர்கள் இதை ஞானஸ்நானம் என்று உருகுவார்கள். வெறுப்பவர்கள் மூளைச்சலவை என்பார்கள். இரண்டுக்கும் அந்த ஒரே காட்சி இடம் தருகிறது, ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதக் கூடாது.

துண்டுக் காட்சிகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. இதற்குத் தொடருக்குள்ளேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜிங்க்ஸைப் பிடித்துக் கொடுத்தால் ஸானுக்கு விடுதலை என்று பில்டோவரின் ஜெய்ஸ் பேரம் பேசிய பிறகு, சில்கோ வாண்டரின் சிலையிடம் போய் உட்கார்ந்து மனத்தைக் கொட்டுகிறான். மறைந்து நின்று அதைக் கேட்ட ஜிங்க்ஸ், தன்னைக் கொடுத்துவிடப் போகிறான் என்ற அச்சத்தோடு திரும்புகிறாள். கடைசியில் அவள் சுட்ட குண்டுகளுக்கே இரையாகிச் சாகும்போதுதான், எதற்காகவும் உன்னைக் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவன் சொல்ல நேர்கிறது.

இனி தியரிக்கு வருவோம். கேள்வி சிறியதாக இருக்கட்டும், சான்றாகக் குறைந்தது இரண்டு காட்சிகள் இருக்கட்டும், எது நடந்தால் என் தியரி உடையும் என்பதையும் தேதி போட்டு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நான் அப்படி எழுதவில்லை. ஷிம்மரின் வலிமையைக் கண்டு மயங்கி, அதைக் கொண்டே சில்கோ உயிர்த்தெழுவான் என்று நண்பர்களிடம் மூன்று ஆண்டுகள் சாதித்தேன். 2024 நவம்பரில் இரண்டாம் பருவம் வந்தபோது அவன் நினைவாகவும், சிறையிலிருக்கும் ஜிங்க்ஸின் மனத்தோற்றமாகவும், எல்லாம் வேறுவிதமாக நடந்த ஒரு மாற்று உலகத்தின் மனிதனாகவும் மட்டுமே வந்தான். வாண்டரும் அவனும் சமாதானமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ ஏழாம் அத்தியாயம் முழு விடையே கொடுத்தது. அந்த உலகில் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள், சில்கோ மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறான். கதையின் மூல உலகத்து வாண்டர் எழுதிய மன்னிப்புக் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதையும் அதனோடு சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். அவன் சாவானா பிழைப்பானா என்பதைக் காட்டிலும், எந்த இடத்தில் வேறு பாதைக்குப் போயிருக்கலாம் என்று தேடுவதே பலன் தரும் என்பதை இப்படித் தோற்றுத்தான் கற்றேன்.

உள்ளூர்ப் பாசத்தைச் சான்றாக்குவதும் ஒரு பொறி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரமும் மேற்கே தமிழர் பகுதியுமாகப் பிரிந்து வளர்ந்த ஊரில் வாழ்கிறோம், ஸ்டுடியோவும் பிரான்சில் இருக்கிறது, ஆகவே பில்டோவரும் ஸானும் புதுச்சேரிதான் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது எனக்கும் அந்த நினைப்பு வருவதுண்டு. நதியோ வாய்க்காலோ குறுக்கே ஓடிப் பிரிந்த நகரங்கள் உலகெங்கும் உள்ளன. கதையை நெருக்கமாக உணர நம் ஊர் உதவும், அதற்கு மேல் அது எதையும் நிறுவாது.

வக்காலத்து வாங்குபவர், அவனைப் பிடிக்காத ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முத்தியால்பேட்டையிலிருந்து வரும் சித்தி மகள் இருக்கிறாள். மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலைப் பாறைகளில் உட்கார்ந்து, ஊசிக் காட்சியை நான் கால் மணி நேரம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி அண்ணா, அவன் பொண்ணுக்கு ஒண்ணுன்னா துடிக்கிறான். அந்த ஷிம்மரைக் குடிச்சுச் செத்தவனும் யாரோ பெத்த பிள்ளைதான?” என்றாள். அன்றிரவு வீட்டுக்கு வந்து, முதல் பத்தியில் அந்தக் கேள்வியை அவள் சொன்னபடியே எழுதிவைத்தேன். அதற்கு எதிரே இரண்டாம் பத்தி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.