காவிரிக் கரைகளில் கிராவல் சைக்கிள்: பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கல்லணைக்கு வந்து சேரும் காவிரி நீர் அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழிகளில் பிரிகிறது. அவற்றிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழனாறு எனக் கிளைகளும், கிளைகளிலிருந்து எண்ணற்ற வாய்க்கால்களும் பிரிந்து வயல்களை நோக்கிச் செல்கின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு கரைகள் உண்டு. பெரும்பாலான கரைகளின் மேல், மதகுகளைப் பார்வையிடவும் உடைப்பு ஏற்பட்டால் மண் கொண்டு செல்லவும் ஏற்ற அகலத்தில் ஒரு பாதையும் உண்டு. தார் போடாத, பேருந்து வராத, ஏற்ற இறக்கம் அறவே இல்லாத இந்தப் பாதைகளைவிட, மண்பாதையிலும் பொடிக்கல்லிலும் ஓட்டுவதற்கேற்ற அகலமான டயர் கொண்ட கிராவல் சைக்கிளுக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது பல ஆண்டுகளாக இங்கே சைக்கிள் ஓட்டிவரும் என் உறுதியான கருத்து. கிராவல் என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த மண்ணை நம் ஊர்களில் அப்படித்தான் சொல்கிறோம்.

ஆனால் ஆற்றை வரைபடத்தில் பார்த்து, அதன் ஓரமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட முடியாது. எந்த ஆறு என்பதைவிட எந்தக் கரை என்பதே இங்கு முதல் கேள்வி.

கரையைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்தில் ஒரு முறை வெட்டாற்றின் கீழ்ப்பகுதியில், நிழல் அதிகம் இருந்த ஒரே காரணத்துக்காக வடகரையைத் தேர்ந்தெடுத்தேன். ஏழு கிலோமீட்டர் போன பிறகு, ஒரு வடிகால் வந்து ஆற்றில் கலக்கும் இடத்தில் கரை துண்டாகிக் கிடந்தது. அகலம் பத்தடிதான், ஆனால் பாலம் இல்லை, ஆழமும் தெரியவில்லை. எதிர்க்கரையில் பாதை நேராகப் போவதைப் பார்த்தபடியே ஏழு கிலோமீட்டரும் திரும்பி வரவேண்டியதாயிற்று.

அந்த நாளுக்குப் பிறகுதான் டெல்டாவின் அமைப்பைப் புரிந்துகொள்ள முயன்றேன். பாசனத்துக்காகவே ஓடும் ஆறு மேட்டில் ஓடும். வடிகால் பள்ளத்தில் ஓடும். மேட்டில் ஓடும் ஆற்றிலிருந்து தண்ணீர் வெளியேறுமே தவிர வேறு நீர் வந்து கலப்பது குறைவு. வெளியேறும் தண்ணீரும் கரைக்கு அடியில் மதகு வழியாகப் போய்விடுவதால் மேலே பாதை அறுபடாது. கடலை நெருங்க நெருங்க அதே ஆறு பாசனத்துக்கும் வடிகாலுக்கும் பொதுவாகிவிடும். அங்கே வடிகால்கள் கரையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். ஆகவே புதிதாக வருபவர்கள் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம் என்ற மேல்பகுதியில் தொடங்கி, கரையின் போக்கு பழகிய பிறகே கீழே இறங்குவது நல்லது.

பயணத்துக்கு முந்தைய நாள் செயற்கைக்கோள் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் இரண்டு சக்கரத் தடங்கள் இணையாகத் தெரிந்தால் டிராக்டர் போகிறது என்று பொருள். அந்தக் கரை பெரும்பாலும் சரியாக இருக்கும். தடம் மறைந்து அடர்பச்சையாக மூடியிருந்தால் சீமைக்கருவேலம் மண்டியிருக்கக்கூடும். அடுத்து, அந்தப் பகுதியில் உள்ள பாலங்கள், கதவணைகள் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடையே ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், அந்த இடைவெளியில் எந்தக் கரையில் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படத்தில் தெரியாததைச் சொல்ல லஸ்கர் இருக்கிறார். கதவணையில் ஷட்டரை ஏற்றி இறக்கும் நீர்வளத்துறைப் பணியாளரை டெல்டாவில் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எந்த இடத்தில் கரை அரித்திருக்கிறது, எங்கே புதிதாக மண் கொட்டியிருக்கிறார்கள், நாளை எத்தனை கன அடி திறக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இறங்கி வணக்கம் சொல்லி, "இந்தக் கரையில அடுத்த பாலம் வரைக்கும் சைக்கிள் போகுமாண்ணே?" என்று கேட்டால் போதும், போகும், போகாது என்பதோடு எங்கே டீ கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுவார்.

மண்ணும் பருவமும்

காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவின் கரைகள் வண்டலும் களியும் கலந்தவை. காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரைபோல உறுதியாக இருக்கும் அதே மண், ஒரு மழைக்குப் பிறகு சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஐம்பது அடி போவதற்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையே களி அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். தென்னை மட்டையின் துண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழைய டெல்டாவின் மண்கரைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கல்லணைக் கால்வாயின் கதை வேறு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930-களில் வெட்டப்பட்டதால் அதைப் புது ஆறு என்றும் சொல்கிறார்கள். அது தஞ்சாவூர் நகரத்தின் ஊடாகச் சென்று, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டு செல்கிறது. அந்தப் பக்கத்தில் நிலமே கிராவல். மழை விட்ட மறுநாளே தண்ணீர் வடிந்து தரை இறுகிவிடும். சக்கரத்தின் அடியில் பொடிக்கல் நொறுங்கும் அந்தச் சத்தத்துக்காகவே நான் தஞ்சாவூரிலிருந்து தெற்கே பலமுறை போயிருக்கிறேன். குறுக்கே வரும் காட்டாறுகளைக் கால்வாய்க்கு அடியில் கீழ்குமிழி என்னும் சுரங்க வழியாகக் கடத்திவிடுவதால் கரையும் நீண்ட தூரம் அறுபடாமல் போகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. கால்வாயின் உட்சரிவில் கான்கிரீட் போட்டிருக்கும் இடங்களில் தவறி விழுந்தால் கால் ஊன்றவோ கைப்பிடிக்கவோ ஒன்றும் கிடைக்காது. எப்போதும் வயலை ஒட்டிய தடத்திலேயே ஓட்டுங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். அணையின் இருப்பைப் பொறுத்து இது மாறுவதும் உண்டு. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாட்கள் ஆகும். ஆறு நிறைந்து ஓட, கரை காய்ந்திருக்க வேண்டுமானால் ஜூலையும் ஆகஸ்டும்தான் சரியான காலம். அப்போது மேல்காற்று வீசும். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று என்பார்களே, அது மேற்கிலிருந்து கிழக்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். திரும்பும்போது அதே அளவுக்கு வருத்தும். எனவே ஆற்றின் போக்கிலேயே கடலை நோக்கிப் போய், ரயிலில் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் திசையை மாற்றிக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் சாலையிலும் கரையிலும் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். ஓரமாக இடமில்லையென்றால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

மூன்று நாள் வழி

திருச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் கல்லணையை அடையுங்கள். அங்கிருந்து காவிரிக் கரையோடு திருக்காட்டுப்பள்ளி. குடமுருட்டி பிரியும் இடம் அது. அடுத்து திருவையாறு, அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 13 கிலோமீட்டர்தான் என்பதால் இரவு தங்க அங்கே போய்விடலாம். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளை அந்தச் சிறிய தூரத்துக்குள் கடப்பீர்கள். ஒவ்வொரு பாலத்திலும் நின்று இரு கரைகளையும் பாருங்கள். அடுத்தடுத்த பயணங்களுக்கான பாதைகள் அங்கேயே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் திருவையாற்றுக்குத் திரும்பிக் காவிரியைப் பிடித்துக்கொண்டு, கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். வாழையும் தென்னையும் கரும்பும் மாறி மாறி வரும் இந்தப் பகுதியே முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் நாள் குத்தாலம், மயிலாடுதுறை, பூம்புகார். நடுவில் உடல்நிலையோ சைக்கிளோ ஒத்துழைக்காவிட்டால் கவலை வேண்டாம். பூதலூர், தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று ரயில் நிலையங்கள் வழிநெடுகத் துணைக்கு வருகின்றன. சைக்கிளைப் பார்சலில் ஏற்ற முடியுமா என்பதை மட்டும் முன்கூட்டியே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளும் கரையின் நடைமுறையும்

டயர் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். டியூப்லெஸ் டயரானால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று இந்தக் கரைகளுக்கு ஏற்றது. டியூப்லெஸ் என்பதை இங்கே வலியுறுத்தவே செய்வேன். நெருஞ்சியும் கருவேல முள்ளும் ஒரே காலையில் நான்கைந்து இடங்களில் குத்தும், டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற ஓட்டையடைக்கும் திரவம் இருந்தால் தெரியாமலே அடைந்துவிடும். பெரிய கருவேல முள் என்றால் உடனே பிடுங்காமல், குத்திய இடத்தைக் கீழே திருப்பி வைத்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். சீலண்ட் அங்கே தேங்கி ஓட்டையை மூடும். இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

கரை நமக்காகப் போட்ட பாதையன்று. படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். சற்று முன்பே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, பார்வையைப் பாதையில் வைத்துக் கடந்து போங்கள். காரியம் செய்துகொண்டிருப்பவர்களைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். வாத்துக் கூட்டம் கரையேறினால் கடைசி வாத்து இறங்கும்வரை நிற்க வேண்டும். நடுவே புகுந்தால் கூட்டம் சிதறி மேய்ப்பவருக்கு அரை நாள் வேலை கெடும். கதவணைக்கு அருகில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். ஷட்டருக்கு அடியில் இழுப்பும் சுழலும் இருக்கும். வெள்ள எச்சரிக்கை வந்திருந்தால் கொள்ளிடத்துப் பக்கமே போக வேண்டாம். உபரி நீர் முழுவதும் அங்கேதான் திருப்பிவிடப்படும். மாலை ஐந்தரைக்குள் கரையிலிருந்து இறங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு பாம்பு நடமாட்டம் அதிகம்.

பூம்புகாருக்குச் சற்று முன்னால் மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிறது. அதைத் தாண்டியதும் கரையில் மணல் கூடும். முன்சக்கரம் புதையத் தொடங்கினால் மிதிக்க முயலாமல் தள்ளிக்கொண்டு போங்கள். மயிலாடுதுறைக்குத் திரும்ப சுமார் 24 கிலோமீட்டர், தார்ச்சாலைதான் என்றாலும் ஆடி மாதத்தில் முழுவதும் எதிர்காற்று. பிற்பகல் மூன்று மணிக்குள் கடற்கரையை விட்டுக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ரயில் நிலையத்தை அடைந்துவிடலாம்.