உங்கள் வட்டாரத்து முன்பள்ளிகளில் யார் படிக்கிறார்கள்: கொழும்பில் கணக்கெடுக்கும் முறை

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தமிழ்மொழி மூல முன்பள்ளி இன்னொன்று வேண்டும் என்று கேட்கச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் செல்கின்றனர். "எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்பது கோரிக்கையே தவிரக் கணக்கு அன்று. அந்தக் கணக்கை யாரும் ஆயத்தமாக எடுத்துத் தரமாட்டார்கள். ஆனால் அதற்கு வேண்டிய துண்டுகள் வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன.

அவை சிதறிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திற்குப் பின்னர் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பில் உள்ளன. கொழும்பு மாநகர சபையும் தன் பங்கிற்கு முன்பள்ளிகளை நடத்துகிறது, கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் சில நடத்துகின்றன, எஞ்சியவை தனியாருடையவை. 2016ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் எண்ணப்பட்ட 19,000இற்கும் மேற்பட்ட நிலையங்களுள் பெரும்பாலானவை தனியாருடையவையாகவே இருந்தன. கல்வி அமைச்சின் வருடாந்தப் பாடசாலைக் கணக்கெடுப்பு பாடசாலைகளுக்கு உரியது. ஆகவே அதில் முன்பள்ளிப் பிள்ளைகளைத் தேடுவது வீண் வேலை. பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் செல்லுங்கள். பின்னர் மாநகர சபைக்கும் மேல் மாகாணத்தின் முன்பள்ளிக் கல்விக்குப் பொறுப்பான அலுவலகத்திற்கும் சென்று, மூன்று பட்டியல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே நிலையம் இரு பட்டியல்களில் வெவ்வேறு பெயரில் இருக்கக்கூடும் என்பதால் முகவரியை வைத்தே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து எல்லையைத் தீர்மானியுங்கள். மாவட்டக் கணக்கை நம்பி இறங்கினால் வழி தவறிவிடுவீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்ட மக்களுள் முக்காற்பங்கிற்கும் மேற்பட்டோர் சிங்களவர்; ஆனால் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஆகியவற்றை உள்ளடக்கும் கொழும்பு பிரதேச செயலகப் பிரிவில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையினர். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் திம்பிரிகஸ்யாய பிரிவைச் சேர்ந்தவை. அங்குள்ள நிலவரமோ வேறு. எனவே கிராம அலுவலர் பிரிவையே அலகாகக் கொள்ளுங்கள். கல்வி வலயத்தின் கோட்ட எல்லைகள் இவற்றோடு பொருந்த வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

முன்பள்ளி வயதுப் பிள்ளைகளின் தொகையை மதிப்பிடக் கரடுமுரடான ஒரு வழி உண்டு. உங்கள் பிரிவில் 15 வயதிற்குட்பட்டோர் 900 பேர் என்று வைத்துக்கொண்டால், அதைப் பதினைந்தால் வகுக்க ஒரு வயதிற்கு 60 பேர் வருவர். மூன்று, நான்கு வயதினர் இருவகையினருமாக ஏறத்தாழ 120 பேர். மாடிக்குடியிருப்புகள் எழும்பும், வாடகைக்காரர் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நகரத்தில் பழைய குடிசன மதிப்பீடு விரைவில் பிந்திவிடும். ஆகவே அந்தப் பகுதிக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடம் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கையைக் கேட்டு, உங்கள் மதிப்பீட்டோடு ஒத்துப்பாருங்கள். தடுப்பூசிக்காக வீடு வீடாகத் தெரிந்துவைத்திருப்பவர் அவரே. என் கணிப்பில் இந்த முயற்சி முழுவதிலும் நம்பத்தக்க எண் அவரிடமிருந்தே வரும். பெயர்களைக் கேட்காதீர்கள், தொகை போதும்.

இனி அட்டவணை. இதில்தான் பலரும் சறுக்குகின்றனர். இனம், மதம், மொழிமூலம் ஆகிய மூன்றுக்கும் மூன்று தனித்தனி நிரல்கள் வேண்டும். தமிழ்மொழி மூலத்தில் பயிலும் பிள்ளைகளுள் முஸ்லிம் பிள்ளைகள் கணிசமானோர். தமிழ்ப் பிள்ளைகளிலும் முஸ்லிம் பிள்ளைகளிலும் சிலர் சிங்கள மொழி மூலத்தில் பயில்கின்றனர். முன்பள்ளி மட்டத்திலோ ஆங்கிலம் என்று பலகை மாட்டி, உள்ளே மூன்று மொழிகளிலும் பேசும் நிலையங்களும் உண்டு. ஆகவே "தமிழர் இத்தனை வீதம், எனவே தமிழ் வகுப்பு இத்தனை" என்று நேர்கோட்டில் கணக்கிட்டால் விடை பிழைத்துப்போகும். நான்காவதாக, பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு நிரல் வையுங்கள். பெற்றோர் வேலைக்குச் செல்லும் வழியில் பிள்ளையை விட்டுச் செல்வதால், ஒரு முன்பள்ளியில் பயிலும் அனைவரும் அவ்வட்டாரத்தினர் அல்லர்.

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காதவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோருங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; காரணம் கூற வேண்டியதில்லை; 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. "முன்பள்ளிகள் பற்றிய விபரம் தருக" என்று எழுதினால் ஒரு பக்கப் பொதுக்கூற்றே வந்து சேரும். நிலையவாரியாக, வயதுவாரியாக, மொழிமூலவாரியாக, எந்த ஆண்டிற்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆசிரியர்களின் எண்ணிக்கையையும் அவர்களது பயிற்சித் தகைமையையும் சேர்த்துக் கேட்பது நல்லது. பிள்ளைகள் இருந்தும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இல்லாத நிலையம் பட்டியலில் மட்டுமே தமிழ் நிலையமாக இருக்கும்.

கடைசியாக, திரட்டியதை முதலாம் தர அனுமதியோடு பொருத்திப் பாருங்கள். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளைகளே அவ்வாண்டு முதலாம் தரத்தில் சேர்வர்; அரச பாடசாலைகளில் இடங்களின் பாதி அண்மையில் வசிப்போருக்கு உரியது. பாடசாலையை அரசு பொறுப்பேற்றபோது இருந்த மத விகிதமும் சில பாடசாலைகளில் கருத்திற்கொள்ளப்படுகிறது. உங்கள் பிரிவில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர் இருந்து, நடந்து செல்லும் தூரத்தில் தமிழ்மொழி மூல முதலாம் தரம் ஒன்றே இருப்பின், அவ்விரு எண்களையும் மனுவின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். கம்பனிகளாகப் பதியப்பட்ட சர்வதேசப் பாடசாலைகளுக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளை அதிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம்; கழிக்காமல் சென்றால் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.