சிடி16ஏ புரதத்தை லேபில் கையாள்வது எப்படி

புதிதாக வந்த ரீகாம்பினன்ட் (செல்லில் செயற்கையாகச் செய்த) சிடி16ஏ வயலை, அதாவது குப்பியை, திறப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிடி16ஏ என்பது என்கே செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் மேல் இருக்கும், ஆன்டிபாடியைப் பிடிக்கும் ரிசெப்டர். இது ஆன்டிபாடியைப் பலவீனமாகத்தான் பிடிக்கும், அதன் வேலையே அப்படித்தான். நம் இரத்தத்தில் ஐஜிஜி ஆன்டிபாடி ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாக மிதந்து வரும் ஐஜிஜி இந்த ரிசெப்டரில் ஒட்டும், உடனே விலகிப் போய்விடும். ஒரு புற்றுச் செல்லின் மேல் பல ஆன்டிபாடிகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் என்கே செல்லின் பல ரிசெப்டர்கள் ஒன்றாகப் பிடித்து, அந்தச் செல்லைக் கொல்வதற்கான சிக்னல் கிளம்பும். சிடி64 என்ற அண்ணன் ரிசெப்டர் தனி ஐஜிஜியையே நானோமோலார் அளவில் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சிடி16ஏ ஐஜிஜி1-ஐப் பிடிப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரோமோலாருக்குப் பக்கத்தில் (இந்த எண் சிறியதானால் பிடிப்பு இறுக்கம்). வழக்கமான ஆன்டிஜென்–ஆன்டிபாடி எலைசா (தட்டில் ஒட்டி, கழுவி, நிறத்தால் அளக்கும் சோதனை) மாதிரியே இதற்கும் செய்துவிட்டு, சிக்னல் வரவில்லையே, புரதம் செத்துப் போச்சா என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் புரதம் நன்றாகத்தான் இருக்கும், கழுவும்போது ஆன்டிபாடி போயிருக்கும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது எந்த வகை என்பதை. 158-ஆவது அமினோ அமில இடத்தில் வேலின் இருக்கும் வகை, ஃபினைல்அலனின் இருக்கும் வகை என்று மனிதர்களிடம் இரண்டு உண்டு, வேலின் வகைதான் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும். சில டேட்டாஷீட்டில் இதே இடத்தை 176 என்று எண்ணியிருப்பார்கள், சிக்னல் பெப்டைடையும் (பின்னால் வெட்டப்பட்டுவிடும் முன்பகுதி) சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது, இரண்டும் ஒரே இடம்தான். இது சின்ன விஷயம் இல்லை. ஃபாலிகுலர் லிம்ஃபோமா நோயாளிகளில் வேலின் வகையை இரட்டையாகக் கொண்டவர்களுக்கு ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து நன்றாக வேலை செய்தது என்று 2002-லேயே வெளியானது. உங்கள் ஆன்டிபாடி மருந்துக்கானது என்றால் இரண்டையும் வாங்கி, இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து, எந்தச் செல்லில் தயாரித்தது? இந்தப் புரதத்தின் வெளிப்பகுதியில் சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடங்கள் 5 இருக்கின்றன. அதில் 162-ஆவது இடத்துச் சங்கிலி ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியில் (ரிசெப்டர் பிடிக்கும் வால் பகுதி) இருக்கும் சர்க்கரையோடு நேரடியாக உரசுகிறது. எஃப்சி சர்க்கரையில் ஃபுகோஸ் என்ற சர்க்கரைத் துண்டு இல்லாவிட்டால் பிடிப்பு பத்து மடங்குக்கு மேல், சில அளவீடுகளில் 50 மடங்கு வரைகூட ஏறும் என்பதற்குக் காரணம் இந்த உரசல்தான், ஒபினுடுசுமாப் மாதிரியான மருந்துகளை வடிவமைத்ததும் இதை வைத்துத்தான். பாக்டீரியாவில் செய்த புரதத்தில் அந்தச் சங்கிலியே இருக்காது, அதனால் ஃபுகோஸின் தாக்கத்தை அதில் அளக்க முடியாது. எச்இகே293 என்ற மனிதச் செல்லில் செய்ததை எடுங்கள். டேக் (புரதத்தைப் பிடிக்க அதில் சேர்க்கும் சின்ன வால்) விஷயத்தில் என் ஓட்டு, ஹிஸ்டிடின் டேக்கோடு ஒரே இடத்தில் பயோட்டின் ஏற்றிய வகைக்கு. எல்லா மூலக்கூறும் ஒரே பக்கம் பார்த்து உட்காரும்.

சரி, வயல் கைக்கு வந்தாச்சு. பொடி மூடியில் ஒட்டியிருக்கும், அதனால் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சில நொடி சுற்றுங்கள். 100 மைக்ரோகிராம் இருந்தால் 500 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் (உப்பு பஃபர்) விட்டால் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் கிடைக்கும். டேட்டாஷீட் வேறு பஃபரோ அளவோ சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். அறை வெப்பநிலையில் 15–20 நிமிடம் வைத்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கரையுங்கள். அப்புறம் அன்றைக்கே, புரதம் ஒட்டாத டியூபில் ஒரு பரிசோதனைக்குத் தேவையான அளவாகப் பிரித்து மைனஸ் 70-ல் போடுங்கள். உருக்கிய டியூபைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். நீர்த்துப்போன கரைசல் என்றால் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்ப்பது நல்லது, ஆனால் அந்தப் புரதத்தை நீங்களே பயோட்டின் ஏற்றப் போகிறீர்கள் என்றாலோ பிடிப்பை அளக்கும் எஸ்பிஆர் கருவியின் சிப்பில் அமைன் வழியாக ஒட்டப் போகிறீர்கள் என்றாலோ பிஎஸ்ஏவும் கூடாது, டிரிஸ் பஃபரும் கூடாது. ஏற்றும் பயோட்டினையோ சிப்பில் ஒட்டும் இடத்தையோ அவை இரண்டுமே தின்றுவிடும்.

ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் கணக்குப்படி 20 கிலோடால்டனுக்குச் சற்று மேலே வர வேண்டிய பட்டை 35–50-க்கு நடுவில் அகலமாகக் கலங்கித் தெரியும். பயப்படாதீர்கள், அது சர்க்கரை. சர்க்கரையை வெட்டும் என்சைமான பிஎன்கேஸ் எஃப் போட்டு ஓட்டினால் கீழே இறங்கிவிடும்.

இப்போது எலைசா. தட்டில் ரிசெப்டரை மில்லிலிட்டருக்கு 1–2 மைக்ரோகிராம் அளவில் இரவு முழுக்க 4 டிகிரியில் ஒட்டுங்கள், பயோட்டின் வகை என்றால் பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் தட்டு. தட்டின் காலியிடத்தை மூட, அதாவது பிளாக் செய்ய, சீரம் எடுக்கவே எடுக்காதீர்கள், அதில் இருக்கும் ஐஜிஜி போய் உங்கள் ரிசெப்டரை நிரப்பிவிடும். நான் முதல் முறை இதைத்தான் செய்தேன், இரண்டு வாரம் வீணானது. சாதாரண பிஎஸ்ஏவிலும் கொஞ்சம் மாட்டு ஐஜிஜி இருக்கலாம் என்பதால், ஐஜிஜி நீக்கிய பிஎஸ்ஏ வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆன்டிபாடியைத் தனித்தனியாக ஊற்றினால் கழுவும்போது போய்விடும் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வழி அதைக் கொத்தாக்குவது. எச்ஆர்பி (நிறம் தரும் என்சைம்) ஏற்றிய, மனித ஆன்டிபாடியின் கப்பா சங்கிலியைப் பிடிக்கும் எஃப்ஏபி-இரண்டு துண்டோடு (எஃப்சி நீக்கிய ஆன்டிபாடித் துண்டு) உங்கள் ஐஜிஜியை முன்கூட்டியே கலந்து அரை மணி நேரம் வைத்தால் கொத்துக் கொத்தாகச் சேரும், கண்டறிவதும் அதுவே. எல்லா மாதிரிக்கும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. கண்டறியும் ஆன்டிபாடி முழு ஆன்டிபாடியாக இருந்தால் அதன் எஃப்சியே ரிசெப்டரில் ஒட்டலாம், அதனால்தான் எஃப்ஏபி-இரண்டு துண்டு என்று அழுத்திச் சொல்கிறேன். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் எச்ஆர்பி செத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பின் அளவு எண்ணாக வேண்டும் என்றால் எஸ்பிஆர்தான். ரிசெப்டரைச் சிப்பில் குறைந்த அடர்த்தியில் உட்கார வைத்து ஐஜிஜியை ஓட விடுங்கள். 1 மைக்ரோமோலார் ஐஜிஜி என்றால் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம், வளைவு மேலே தட்டையாக 5–8 மைக்ரோமோலார் வரை போக வேண்டும், அதாவது மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு ஆன்டிபாடி தயாராக இருக்க வேண்டும். ஒட்டுவதும் விலகுவதும் மிக வேகம் என்பதால், நிலைபெற்ற சிக்னலை வைத்தே கணக்கிடுங்கள். ஒரு எஃப்சிக்கு ஒரு ரிசெப்டர்தான் ஒட்டும். விலகும் வளைவில் நீண்ட வால் தெரிந்தால் முதல் சந்தேகம் உங்கள் ஆன்டிபாடியில் இருக்கும் திரளின் மேல்தான் வர வேண்டும், ஏனென்றால் சில சதவீத இரட்டை மூலக்கூறுகூட மொத்த அளவீட்டையும் இழுத்துவிடும். மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்குளூஷன் குழாயில் (column) ஓட்டித் தனி மூலக்கூறை மட்டும் எடுத்து, அன்றே பயன்படுத்துங்கள்.

கன்ட்ரோல் இல்லாமல் எந்தத் தட்டையும் நம்பாதீர்கள். ரிட்டுக்சிமாப் அல்லது டிராஸ்டுசுமாப் பாசிட்டிவ்வாக ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். நெகட்டிவ்வுக்கு, எஃப்சியின் 297-ஆவது இடத்துச் சர்க்கரை இல்லாத ஐஜிஜி. அதில் சிக்னல் கணிசமாக வந்தால் நீங்கள் அளப்பது எஃப்சி பிடிப்பு இல்லை. அப்புறம் பழைய லாட்டில் (ஒரே முறையில் தயாரித்த தொகுதி) நான்கைந்து டியூபைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், புது லாட் வந்ததும் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே ஆன்டிபாடியோடு ஓட்டிப் பார்த்த பிறகு மாறுங்கள்.