திணறிப் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்புத் தாள் தயாரிப்பது

முதலில் கண் பரிசோதனை. பார்வைக் குறையை டிஸ்லெக்சியா (எழுத்தைச் சரளமாகப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடு) என்று எண்ணிக்கொண்டால் தாள் உதவாது.

நெருக்கி அச்சடித்தால் பக்கத்து எழுத்துகள் குறுக்கிட்டு, பார்க்கும் எழுத்தைக் குழப்பும். டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், 14 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் எழுத்துகளுக்கு இடையே 2.5 புள்ளி இடைவெளி கூட்டியதுமே, பயிற்சி ஏதும் இல்லாமல், வேகம் கூடிப் பிழை குறைந்தது. தமிழில் அதை அப்படியே செய்தால் சில மென்பொருள்களில் 'கொ' உடைந்துவிடும்: கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிள்ளை அதைக் 'கெ', 'ர' என்று படிக்கும். ஒரு வரி அச்சடித்துப் பாருங்கள்; உடைந்தால் இடைவெளியைக் கூட்டாமல் எழுத்தை 20 புள்ளிக்குப் பெரிதாக்குங்கள். துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல் தெரியும் எழுத்துரு வேண்டவே வேண்டாம்.

எழுத்துக்கு இடையே விட்டால் சொல்லுக்கு இடையேயும் விட வேண்டும்; இல்லாவிட்டால் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வரிக்கு ஐந்தாறு சொல், வரி இடைவெளி 1.5. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். இரு ஓரமும் நேராக்கினால் இடைவெளி வரிக்கு வரி மாறும்.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைக்கு நெத்திலி, கணவாய், நண்டு, நங்கூரம் எல்லாம் காதில் விழுந்த சொற்கள், அவற்றில் தொடங்குங்கள். வலை–வளை, பாரை–பாறை போன்ற இணைகளை ஒரே தாளில் வைக்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றது. வாழையை 'வாளை' என்று படித்தால் பிழைக்கணக்கில் சேர்க்காதீர்கள். ஊர்ப்பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது, அது வாசிப்புக் குறை அல்ல.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே கடினத்தில் இரண்டு பத்திகள்: ஒன்று நெருக்கமாக, ஒன்று தளர்வாக. ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். ஒரே பத்தியை இரு முறை கொடுத்தால் நினைவிலிருந்து ஒப்பிக்கும். படம் இருந்தால் மூடிவிடுங்கள், ஊகித்துச் சொல்லும். மறுநாள் வேறு பத்திகளை வரிசை மாற்றிக் கொடுங்கள். சில நாள் பார்த்தும் வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு இடைவெளி மருந்தல்ல. வண்ணக் கண்ணாடித் தாளை மேலே வைப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது, காசுதான் வீண்.

தாள் சுமையைக் குறைக்கும், வாசிக்கக் கற்றுத்தராது. ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி தினமும் தனியாக வேண்டும். அரசுப் பள்ளியென்றால் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கச் சான்றிதழ் வேண்டும்.