கூலியையும் கணக்கில் எழுதுங்கள்: தொழில் தொடங்கும் பெண்களுக்கு

தொழில் தொடங்கக் கடன் கேட்டுச் செல்லும் பெண்ணிடம் வங்கி பெரும்பாலும் முதலில் கேட்பது ஈடு. நிலமும் வீடும் தந்தை பெயரிலோ கணவர் பெயரிலோ இருப்பதால், கைத்திறனும் வாடிக்கையாளரும் இருந்தும் பலருக்குக் கடன் கிடைப்பதில்லை. செல்வம் மிகுந்த நாடுகளிலும் இந்த நிலை இருந்தது. பிரான்சில் மணமான பெண் கணவரின் அனுமதியின்றி வங்கிக் கணக்கு தொடங்க 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் தொழில்கடனுக்கு ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கும் விதி 1988இல்தான் ஒழிந்தது. சட்டம் மாறினாலும் சொத்துப் பத்திரத்தில் உள்ள பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே, ஈடு இல்லாதவர் எடுத்துக்காட்டக்கூடிய வலுவான சான்றான வரவு செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

தொழிலுக்கென்று உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வரும் பணம் முழுவதையும் அதில் போட்டு, வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வரையறுத்து, அதைச் சம்பளமாக எடுங்கள். அவசரத்துக்குக் கூடுதலாக எடுக்க நேர்ந்தால், கைமாற்றாகத் தேதியிட்டு எழுதிவையுங்கள்.

பெரும்பாலோர் இடறுவது விலை சொல்லும் இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டிலிருந்து தைக்கும் ஒருவர் துணி, நூல், பொத்தான் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, அதன்மேல் சிறிது லாபம் வைக்கிறார். அளவெடுத்த அரைமணி நேரம், வெட்டிய ஒரு மணி நேரம், தைத்த மூன்று மணி நேரம், பிரித்து மறுபடி தைத்த நேரம் எதுவும், ‘வீட்டில் இருந்துதானே செய்கிறேன்’ என்ற நினைப்பால் கணக்கில் ஏறுவதில்லை. ஆர்டர் பெருகி உதவிக்கு ஆள் வைக்கும் நாளில்தான், அந்த ஆளுக்குத் தரவேண்டிய கூலி விலைக்குள் இல்லை என்பது தெரியவருகிறது. நன்றாக ஓடிய தொழிலும் அதற்குமேல் வளர முடியாமல் நின்றுவிடுகிறது. எனவே ஒரு வாரம் முழுவதும் மணிக்கணக்கைக் குறித்துவைத்து, அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை உங்கள் கூலியாகச் சேர்த்து விலை வையுங்கள். தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதானால், ரசீதில் முழு விலையை எழுதித் தள்ளுபடியைத் தனியே காட்டுங்கள்.

ஓராண்டுக் கணக்கு கையில் சேர்ந்தபின், சிறிய தொகையாகக் கடன் வாங்கித் தவணை தவறாமல் அடைத்துவிட்டு, அடுத்த கடனுக்கு விண்ணப்பியுங்கள். வங்கதேசத்தில் 1983இல் வங்கியான கிராமீன், ஈடின்றிச் சிறுகடன் கொடுத்து வளர்ந்தது. அதன் கடனாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கடன் உங்கள் பெயரிலும் பணம் வேறொருவர் கையிலும் இருக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும், கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், கையெழுத்திடாதீர்கள். அவர் தவணை தவறினால், உங்கள் தொழிலுக்கு நீங்கள் கேட்கும் அடுத்த கடன்தான் மறுக்கப்படும்.