பழைய காருக்கு டிங்கரிங், பெயின்டிங்: எதைப் பட்டறையிடம் கொடுக்கலாம், எதை நீங்களே செய்யலாம்?

கிளாசிக் கார் ஒன்றை வாங்கியவர் முதலில் கேட்பது, "முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நேர்மையான பட்டறைக்காரர் இதற்கு உடனே ஒரு தொகையைச் சொல்லிவிட மாட்டார். பெயின்டின் விலை அவருக்குத் தெரியும். அதற்கு அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது, உரித்துப் பார்க்கும்வரை அவருக்கும் தெரியாது. செலவின் பெரும்பகுதி அந்த அடியில்தான் இருக்கிறது.

ஆகவே "பட்டறையா, வீடா?" என்று முழு வண்டிக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டாம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பொருள் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் பிடிக்கும் வேலைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கருவியும் உயிர்ப் பாதுகாப்பும் வேண்டியவற்றைப் பட்டறைக்கு விடுங்கள். செலவு உண்மையிலேயே குறைவது இப்படிப் பிரிக்கும்போதுதான்.

படி 1: வண்டியைச் சோதியுங்கள்

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் ஆகிய இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் தடிமனாகப் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். (அலுமினியம், ஃபைபர் உடல் கொண்ட வண்டிகளுக்கு இந்தச் சோதனை உதவாது.) தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரித் தட்டு, டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு ஆகியவை துரு விரும்பிக் குடியேறும் இடங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் அசல் பெயின்ட் நல்ல நிலையில் இருப்பது தெரிந்தால், தயவுசெய்து உரிக்காதீர்கள். பாலிஷ் போட்டு, தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்வதே ஆகக் குறைந்த செலவு. அசல் பெயின்டைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். ஒருமுறை உரித்துவிட்டால் அதைத் திரும்பப் பெறவே முடியாது.

படி 2: எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்

ஒரே தொகையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். பிரிப்பது, உரிப்பது, வெல்டிங், பட்டியும் தேய்ப்பும், பெயின்ட், மீண்டும் பூட்டுவது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்பதையும் கேளுங்கள். பட்டறைச் செலவில் பெரும்பங்கு கூலிதான் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தால், எந்த வேலையை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிகளையும் பீடிங்கையும் (ஓரங்களில் ஓடும் ரப்பர் பட்டை) கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடிப்பதாக இருக்கும். ரப்பரின் ஓரத்தில் நிற்கும் அந்த விளிம்பிலிருந்துதான் பெயின்ட் பின்னாளில் உரியத் தொடங்கும். நிறத்தையே மாற்றுவதென்றால் கதவின் உள்விளிம்பு, என்ஜின் அறை, டிக்கியின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். கூலியும் அதற்கேற்ப ஏறும். புதிதாகத் துரு வெளிப்பட்டால் உங்களைக் கேட்காமல் வேலையைத் தொடரக்கூடாது என்பதையும், பணத்தைக் கட்டம் கட்டமாகத் தருவீர்கள் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வீட்டுச் செலவை முழுமையாகக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் பெயின்ட் டப்பாவின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசுவது), தின்னர், ஹார்டனர் (கலவையை இறுக வைப்பது), பட்டி, எமரித் தாள், டேப், கையுறை எல்லாம் சேர்ந்து பெயின்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும். கருவிகள் வேறு. கம்ப்ரஸர் வாங்குகையில் தொட்டியின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதே முக்கியம். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைச் செலுத்தும் ஸ்பிரே கன்கள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முதல் 400 லிட்டர் தேவைப்படும். சிறிய வீட்டுக் கம்ப்ரஸர்கள் பாதி கதவைத் தாண்டுவதற்குள் திணறிவிடும். காற்றிலுள்ள நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் பரப்பில் சிறு சிறு குழிகள் விழும்.

வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்க மூடிய இடமும் தேவை. அதற்கு வாடகை கொடுப்பதானால் அதையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: பிரிப்பதை நீங்களே செய்யுங்கள்

பம்பர், விளக்குகள், கைப்பிடிகள், பீடிங் ஆகியவற்றைக் கழற்ற சாதாரணக் கருவிகள் போதும். ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன்னும் பின்னும் படம் எடுங்கள்.

படி 5: உரிப்பதும் துருவும்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். நீர் விட்டுத் தேயுங்கள், நுண்துகள் தடுக்கும் முகமூடி அணியுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். போனட், கூரை போன்ற அகன்ற தகடுகளில் மணல் வீச்சு வேண்டாம், தகடு நெளிந்துவிடும். இரும்பு வெளியே தெரிந்ததும் துரு பிடிக்கத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு பகுதியாக உரித்து உடனே எபாக்ஸி பிரைமர் பூசுங்கள்.

சேஸிஸ், தரைத்தகடு, சீட் பெல்ட் பொருந்தும் இடம் ஆகியவை அரித்திருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே பூசி மெழுகுவது விபத்தின்போது உயிரைப் பறிக்கும்.

படி 6: பட்டியும் தேய்ப்பும்

உங்கள் பணம் அதிகம் மிச்சமாவது இங்கேதான். முதலில் நசுங்கலை உள்ளிருந்து தட்டி, கூடியவரை தகட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டி மீதமுள்ள சிறு பள்ளத்துக்கு மட்டுமே. 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நாளடைவில் வெடிக்கும். ஹார்டனர் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் போதும். கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

80 எண் எமரித் தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) வடிவம் கொண்டுவந்து, 180இல் கீறல்களைக் குறைத்து, சிறு கீறல்களை நிரப்பும் கனமான பிரைமர் அடியுங்கள். அது காய்ந்ததும் கறுப்பு ஸ்பிரேயைத் தொலைவிலிருந்து பனிபோல மெல்லியதாகத் தூவுங்கள். 320 எண் தாளை நீளமான கட்டையில் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம்தான் விழும். சில இழுப்புகளில் கறுப்பு மறைந்து சாம்பல் நிறம் பரவும். நடுவில் ஒரு திட்டு மட்டும் கறுப்பாகவே நிற்கும். அது பள்ளம். வேறொரு இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரிந்தால் அது மேடு. கறுப்பு முழுக்க மறையும்வரை பிரைமரும் தேய்ப்பும் தொடர வேண்டும். கடைசியில் 400 முதல் 600 எண் தாள்.

பட்டறையில் இதற்கு மணிக்கணக்கில் கூலி. வீட்டில் சில எமரித் தாள்களும் உங்கள் பொறுமையும் போதும். கறுப்பு போன்ற அடர்நிறங்கள் சிறு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெளிர்நிறங்கள் ஓரளவு மறைக்கும். முதல் வண்டிக்கு வெளிர்நிறத்தையே சொல்வேன்.

படி 7: இறுதிப் பூச்சு

இங்கே என் கருத்து உறுதியானது: ஹார்டனர் கலக்கும் நவீனப் பெயின்டையும், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டையும் வீட்டில் அடிக்காதீர்கள். அந்த ஹார்டனர்களில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் வாழ்நாள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஆபத்தான அளவிலும் வாசனையால் எச்சரிக்காது, தோல் வழியாகவும் உடலில் சேரும். சாதாரணக் கரி முகமூடியை நம்ப முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் கொண்டுவரும் கவசம் வேண்டும். பட்டறையில் அதுவும், காற்றை வடிகட்டும் அறையும் இருக்கும். நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு அதற்கானது.

1924 மாடல் ஓக்லண்ட் என்ற அமெரிக்கக் கார்களில் அறிமுகமான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வகைப் பெயின்டுக்கு ஐசோசயனேட் ஹார்டனர் தேவையில்லை. அந்தக் காலத்து வண்டிக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றும், நல்ல காற்றோட்டமும் கரைப்பான் ஆவிக்கான முகமூடியும் அதற்கும் கட்டாயம், பல நாடுகளில் விற்பனைக்குக் கட்டுப்பாடும் உண்டு. இதை நீங்களே அடிப்பதானால் ஸ்பிரே கன்னுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை, பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும் என்று ஒரு பழைய கதவில் பழகிய பிறகே வண்டியைத் தொடுங்கள்.

படி 8: பெயின்டரிடம் முதலிலேயே பேசுங்கள்

இது கடைசியில் வருவதால் கடைசியில் செய்ய வேண்டியதல்ல. பிரைமர் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். வேறொருவர் தயார்செய்த பரப்பின் மேல் அடித்த பெயின்டுக்குப் பல பட்டறைகள் உத்தரவாதம் தருவதில்லை. எந்த நிறுவனத்தின் பிரைமர் வேண்டும், எந்த எண் தாளோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அப்படியே செய்யுங்கள். அவரே மீண்டும் உரிக்க நேர்ந்தால் உங்கள் உழைப்பும் பணமும் வீண்.

வண்டி திரும்பி வந்தபின், பெயின்ட் நன்றாக இறுகியதும் 1500, 2000, 3000 எண் தாள்களால் நீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டுப் பளபளப்பாக்குவதையும் நீங்களே செய்யலாம். கதவு, போனட் ஆகியவற்றின் விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, பாலிஷ் இயந்திரத்தைத் தொடாமல் கையாலேயே தேயுங்கள்.